தடுப்புப் பலகையை அகற்றிய வணிகர்: கிளாரன்ஸ் சாண்டர்ஸ்

வத்தல்மலைக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன், மலையிலிருந்து தருமபுரிக்கு இறங்கி மளிகை வாங்கி வருவது ஒரு பகல் முழுவதையும் விழுங்கும் வேலையாக இருந்தது. என் பாட்டி அந்த நாட்களைப் பற்றி அடிக்கடி கூறுவார். விடியுமுன் சாமையோ மிளகோ தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். சுமையை விற்றுப் பணம் பார்த்த பின் ஏதேனும் ஒரு மளிகைக் கடையின் முன் நிற்பார்கள். கடைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை. அதற்கு அப்பால் சரக்கும் தராசும் கடைக்காரரும். இப்பால் காத்திருக்கும் கூட்டம். தெரிந்தவருக்கு முதலிலும், தெருக்காரருக்கு அடுத்தும், மலையிலிருந்து வந்தவருக்குக் கடைசியிலும் பொட்டலம் கட்டப்படும். விலை கேட்டால், கேட்பவரின் முகத்தைப் பார்த்த பிறகே விடை வரும். தராசு முள் எங்கே நின்றது என்பதை இப்பால் நின்று காண இயலாது. பொழுது சாய்வதற்குள் மலை ஏற வேண்டுமே என்ற கவலையில், கொடுத்ததை வாங்கி முடிந்துகொண்டு திரும்புவார்களாம்.

சென்ற ஆண்டு அதே பாட்டியை நகரத்துச் சுயசேவைக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். துவரம் பருப்புப் பை ஒன்றை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், வேறொன்றை எடுத்தார். அவரை யாரும் அதட்டவில்லை. பையின்மேல் அச்சிட்டிருந்த விலையை நான் படித்துச் சொன்னேன். வெளியேறும் இடத்தில் ஒரு பெண் ஒவ்வொரு பொருளையும் கருவியின் சிவப்பு ஒளிக்குக் காட்ட, விலை திரையில் தோன்றிக் கூட்டுத்தொகை தானே வந்தது. வெளியே வந்ததும் பாட்டி, அந்தப் பலகையை முதலில் எடுத்தவர் யார் என்று கேட்டார். வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரை பிறக்கக் காரணமாயிற்று.

பலகையை எடுத்தவருள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர். உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் அவர் வகுத்த வழியில் நடந்து சாமான் வாங்குகின்றனர். ஆயினும் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. இருமுறை பெருஞ்செல்வராகி இருமுறையும் அனைத்தையும் இழந்த அம்மனிதரின் வாழ்க்கை, வணிகம் பயிலும் நமக்குப் பாடநூலுக்கு நிகரானது என்பது மிகையன்று.

பிறப்பும் இளமையும்

சாண்டர்ஸ் 1881ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்டு வட்டாரத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. போரில் தோற்ற தென் மாநிலங்களில் வறுமை இன்னும் குடிகொண்டிருந்தது. சாண்டர்ஸின் குடும்பமும் அதற்கு விலக்கன்று. இளம் வயதிலேயே அவர் தாயை இழந்தார். பிழைப்புத் தேடிக் குடும்பம் டென்னசி மாநிலத்துப் பால்மைரா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. ஊரிலிருந்த பலசரக்குக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கேட்ட சரக்கை உள்ளேயிருந்து கொண்டுவருவதும், பீப்பாயிலிருந்து மாவும் சர்க்கரையும் அள்ளி நிறுத்துக் கட்டுவதும், கணக்கு நோட்டில் பற்று எழுதுவதும் அவர் வேலை. பின்னர் அலபாமா மாநிலத்தில் நிலக்கரியைச் சுட்டுக் கல்கரி எடுக்கும் ஆலையிலும், டென்னசியில் மரம் அறுக்கும் ஆலையிலும் சிலகாலம் உழைத்தார். எனினும் மளிகைத் தொழிலே அவரை மீண்டும் இழுத்தது. பத்தொன்பது வயதளவில் கிளார்க்ஸ்வில் நகரின் மொத்த வணிக நிறுவனம் ஒன்றில் விற்பனையாளரானார். சில ஆண்டுகளில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மெம்பிஸ் மாநகருக்குச் சென்று, அங்கும் மொத்த வணிக நிறுவனத்தில் பணிபுரிந்தார்.

ஊர் ஊராகச் சென்று சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு விற்பது விற்பனையாளரின் கடமை. இவரோ சரக்கு விற்றதோடு நில்லாமல், கடைகள் ஏன் நொடிக்கின்றன என்பதையும் கவனித்தார். இரண்டு காரணங்கள் அவர் கண்ணிற்பட்டன. ஒன்று கடன், வாடிக்கையாளர் பற்று வைத்துத் திருப்பித் தராமற்போனால் கடைக்காரர் அந்த நட்டத்தை மற்றவர் தலையில் விலையாக ஏற்றினார். மற்றொன்று ஆட்கூலி; கூட்டம் நெருக்கும் வேளையில் பணியாளர் போதவில்லை, கூட்டம் இல்லாத வேளையில் அதே பணியாளர் வேலையின்றி நின்றனர். ரொக்கத்திற்கு மட்டுமே விற்க வேண்டும் என்று தாம் சரக்குக் கொடுத்த கடைக்காரர்களிடம் அவர் இடைவிடாது வற்புறுத்தி வந்தார். 1915இல் தாமே பங்காளியாக ஒரு மொத்த வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்.

புதுமைக் கடை

அக்காலத்து அமெரிக்க மளிகைக் கடையும் நம் பாட்டிமார் கண்ட கடையும் ஏறக்குறைய ஒன்றே. வாங்குவோர் சீட்டை நீட்ட வேண்டும். பணியாளர் உள்ளே சென்று ஒவ்வொன்றாகக் கொணர வேண்டும். முதல் உலகப்போரின் நடுவே உணவுப்பொருள் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. அந்நிலையில் 1916ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மெம்பிஸ் நகர் ஜெபர்சன் அவென்யூ 79ஆம் எண் கட்டடத்தில் சாண்டர்ஸ் ஒரு கடையைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பிக்லி விக்லி. பொருளற்ற இப்பெயரை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, இப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று அவர் விடையிறுத்தாராம். விளம்பரக்கலையின் நுட்பத்தை அவர் பள்ளியில் கற்கவில்லை, கடைவீதியில் கற்றார்.

வாயிலில் சுழல்தடுப்பு ஒன்று இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே செல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு கூடை. அங்கிருந்து ஒரே வழி. அது வளைந்து வளைந்து எல்லா அடுக்குகளையும் கடந்து செல்லும். எந்தப் பொருளையும் காணாமல் வெளியேற முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு. விரும்பியதை எடுக்கலாம், வேண்டாததைத் திரும்ப வைக்கலாம். வழியின் இறுதியில் கல்லாப்பெட்டி. அங்கே அமர்ந்திருப்பவர் கூடையிலுள்ளவற்றைக் கூட்டல் பொறியில் கூட்டி, தொகை அச்சிட்ட தாள்நாடாவைக் கிழித்துக் கொடுப்பார். பணத்தைச் செலுத்தி மறுபக்கச் சுழல்தடுப்பு வழியே வெளியேற வேண்டும். கடன் இல்லை, வீட்டுக்குச் சரக்கு அனுப்புவதும் இல்லை, அந்தச் செலவுகள் குறைந்ததால் விலையும் குறைந்தது.

இந்த அமைப்புக்கு 1917ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அமெரிக்க அரசின் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை வரைபடத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கடைக்கு மேலே, வாங்குவோருக்குத் தொல்லையின்றி மேற்பார்வையாளர் நின்று நோக்குவதற்கு உயரமான நடைமேடை ஒன்றையும் அவர் வகுத்திருந்தார். சரக்கை மக்கள் கையில் ஒப்படைத்தார். ஆனால் கண்காணிப்பையும் உடன் வைத்தார். இன்று கடைகளின் மூலைதோறும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் காமிராக்களுக்கு அந்த நடைமேடையே முன்னோடி எனலாம்.

கல்லாப்பெட்டியில் பொறியைப் புகுத்தியவர் சாண்டர்ஸ் அல்லர். ஓகியோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர் 1879இலேயே பணப்பதிவுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பணியாளர் பணத்தைக் கையாடாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். தானே எடுத்துக்கொள்ளும் முறையும் சாண்டர்ஸுக்கு முன் சிற்சில இடங்களில் முயலப்பட்டதே. ஆயினும் சுழல்தடுப்பு, கூடை, ஒருவழிப் பாதை, விலைச்சீட்டு, இறுதியில் கல்லா என்ற ஐந்தையும் ஒரே கோவையாகக் கோத்து, எந்த ஊரிலும் அப்படியே நிறுவத்தக்க முறையாக்கியது சாண்டர்ஸின் அறிவே.

பலகை போனதால் விளைந்த பயன் விலைக்குறைவு மட்டுமன்று. டென்னசி, கறுப்பின மக்களைப் பின்னுக்குத் தள்ளும் சட்டங்கள் நிலவிய மாநிலம். அந்தச் சட்டங்களை ஒரு மளிகைக் கடை மாற்றிவிடவில்லை. மாற்ற சாண்டர்ஸ் முனையவும் இல்லை. ஆனால் விலைச்சீட்டு ஆளைப் பார்த்து மாறவில்லை. வாங்குவோர் யாராயினும் பருப்பின் விலை ஒன்றே. என் பாட்டி கடைவாயிலில் நின்ற கதையை அறிந்த எனக்கு, அந்தச் சிறு சீட்டு ஒரு பெரிய நீதியாகத் தோன்றுகிறது.

வளர்ச்சி

கடையைத் தொடங்கியபின் சாண்டர்ஸ் ஓய்ந்திருக்கவில்லை. தம் முறையையும் பெயரையும் பிறருக்கு உரிமையாகக் கொடுத்து, அவர்களிடமிருந்து கட்டணம் பெற்றார். கடையின் அடுக்குகளையும் கருவிகளையும் தாமே செய்து விற்றார். 1922ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1,200 பிக்லி விக்லி கடைகள் அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தன. எடுபிடிப் பையனாகத் தொடங்கியவர் ஆறே ஆண்டுகளில் கோடீசுவரரானார்.

செல்வம் வந்தபோது ஆடம்பரமும் வந்தது. மெம்பிஸ் நகரில் ஜார்ஜியா மாநிலத்து இளஞ்சிவப்புச் சலவைக்கல்லால் பெரும் மாளிகை ஒன்றை அவர் எழுப்பத் தொடங்கினார். ஊரார் அதை இளஞ்சிவப்பு மாளிகை என்றே அழைத்தனர். அம்மாளிகையில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

பங்குச் சந்தைப் போர்

பிக்லி விக்லி நிறுவனத்தின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்பனையாகி வந்தன. 1922ஆம் ஆண்டு இறுதியில் நியூயார்க் பகுதியில், உரிமை பெற்ற வேறு சிலர் நடத்திய கடைகள் நொடித்தன. தாய் நிறுவனத்திற்கு அதனால் பெருங்கேடில்லை. ஆயினும் பங்கு விலை இறங்கும் என்று கணித்த சிலர், இதுவே தக்க தருணம் என்று தாக்குதலைத் தொடங்கினர்.

அவர்கள் செய்தது யாது? நம் மலைவழக்கில் கூறுவேன். ஒருவர் அண்டை வீட்டாரிடம் ஒரு மூட்டை மிளகை இரவல் வாங்குகிறார். அதை இன்றைய விலைக்கு விற்றுவிடுகிறார். அடுத்த வாரம் விலை இறங்கினால், இறங்கிய விலைக்கு ஒரு மூட்டை வாங்கி அண்டை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடைப்பட்ட தொகையை இலாபமாக வைத்துக்கொள்கிறார். விலை ஏறினால் அவருக்கு நட்டம். மலையிலுள்ள மிளகு முழுவதையும் ஒருவரே வாங்கி அடைத்துவிட்டால், இரவல் வாங்கியவர் அவர் கேட்கும் விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.

சாண்டர்ஸ் அப்படித்தான் அடைக்க முனைந்தார். தென் மாநிலங்களின் வங்கியாளர் பலரிடம் சுமார் ஒரு கோடி டாலர் கடன் திரட்டினார். ஜெஸ்ஸி லிவர்மோர் என்ற புகழ்பெற்ற பங்கு வணிகரின் துணையையும் பெற்றார். சந்தையிலிருந்த சுமார் 200,000 பங்குகளில் மிகப் பெரும்பகுதியை வாங்கிக் குவித்தார். 1923ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், இரவல் பங்குகளை உடனே ஒப்படைக்குமாறு கோரினார். முந்திய நவம்பரில் 40 டாலருக்குக் கீழ் இருந்த பங்கு அன்று 124 டாலர் வரை உயர்ந்தது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

அவ்வேளையில் பங்குச் சந்தை நிருவாகம் குறுக்கிட்டது. அப்பங்கின் வணிகத்தை நிறுத்தி, இரவல் வாங்கியவர்கள் பங்கை ஒப்படைப்பதற்கான கெடுவையும் நீட்டித்தது. கிடைத்த அவகாசத்தில் அவர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து எஞ்சிய பங்குகளைத் தேடிக் கொணர்ந்து தப்பினர். சாண்டர்ஸிடம் மிஞ்சியவை வாங்குவாரற்ற பங்குகளும் தீர்க்க வேண்டிய கடனுமே. மெம்பிஸ் நகர மக்களிடம் பங்குகளை விற்றுக் கடனை அடைக்க எடுத்த முயற்சியும் நிறைவேறவில்லை. 1923 ஆகஸ்டில் அவர் நிறுவனத்தின் தலைமையை விட்டு விலகினார். பங்குகளும் மாளிகையும் கடன் கொடுத்தோரிடம் சென்றன. அடுத்த ஆண்டு நொடித்தவராக அறிவிக்கப்பட்டார். கடனே கடையைக் கெடுக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னவர், கடனாலேயே தம் கடையை இழந்தார். அவர் வாழ்வின் பெருங்கசப்பு இதுவே.

கட்டி முடியாத மாளிகை பின்னர் மெம்பிஸ் நகரத்திற்கு உரியதாகி 1930இல் அருங்காட்சியகமாயிற்று. அவருடைய முதல் கடையின் மாதிரி ஒன்று அங்கே அமைக்கப்பட்டுள்ளது.

பெயருக்கு மட்டும் உரிமையாளர்

வேறொருவராயின் அத்துடன் ஒடுங்கியிருப்பார். சாண்டர்ஸ் மீண்டும் கடை திறந்தார். அவருடைய சொந்தப் பெயரையே அவர் பயன்படுத்தலாகாது என்று பழைய நிறுவனம் வழக்காடியது. வழக்கில் அவர் வென்றார். அந்த வெற்றியைக் கொண்டாடுவதுபோல, தம் பெயருக்குத் தாமே தனி உரிமையாளர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்னும் பொருள்பட நீண்டதொரு பெயரைப் புதிய கடைகளுக்குச் சூட்டினார். கடைப்பெயர் தாங்கிய கால்பந்துக் குழு ஒன்றையும் நடத்தினார். அக்குழு 1929இல் நாட்டின் முன்னணிக் குழுவான கிரீன் பே பேக்கர்ஸ் அணியை வென்று ஊரை வியக்க வைத்தது. இரண்டாம் முறையும் செல்வம் சேர்ந்தது. ஆனால் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி அதையும் வாரிச் சென்றது. 1930இல் அவர் மறுபடியும் நொடித்தார்.

சாவியே எல்லாம் செய்யும்

அடுத்து அவர் செய்த முயற்சியே நம் காலத்துக்கு மிக நெருக்கமானது. 1937இல் மெம்பிஸ் நகரில் கீடூசில் என்ற கடையைத் திறந்தார். சாவியே எல்லாம் செய்யும் என்ற ஆங்கிலத் தொடரைச் சுருக்கிய பெயர் அது. கடைக்குள் நுழைபவருக்கு ஒரு சாவி தரப்படும். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு மாதிரி மட்டும் வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு துளை. வேண்டிய பொருளின் துளையில் சாவியைச் செருகினால் தேர்வு பதிவாகும். எல்லாம் முடித்துக் கல்லாவுக்கு வந்தால், பதிவுக்கேற்ப மின்சுற்றுகள் இயங்கிப் பின்னறையிலிருந்து சரக்கை விடுவிக்கும். அவை ஓடும் பட்டையில் ஏறி வாங்குபவரிடம் வந்து சேரும். கூட்டுத்தொகையையும் பொறியே கணக்கிடும். மின்னணுக் கணிப்பொறி கடைவீதியை எட்டாத காலத்தில், மின்கம்பியையும் விசைகளையும் மட்டும் கொண்டு ஒருவர் இவ்வளவும் நினைத்தார் என்பது வியப்புக்குரியது.

நினைப்பு உயர்ந்தது, பொறி ஒத்துழைக்கவில்லை. கூட்டம் மிகுந்த வேளையில் சுமை தாங்காது பட்டை நின்றது. ஒருவர் கேட்ட சரக்கு மற்றொருவரிடம் சென்றது. பழுது பார்க்கும் செலவு, மிச்சமான ஆட்கூலியை விழுங்கியது. 1939இலும் 1948இலும் திருத்திய வடிவில் மீண்டும் முயன்றார். 1949இல் கடை மூடப்பட்டது.

பொறியின் கோளாறு ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு என்று கருதுகிறேன். 1916இல் பலகையை அகற்றிச் சரக்கை மக்கள் கையில் கொடுத்தவர், 1937இல் அவர்களுக்கும் சரக்குக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். பலகைக்கு அப்பால் முன்பு ஆள் இருந்தான். இப்போது கண்ணாடிக்கு அப்பால் பொறி இருந்தது. தொட்டுப் பார்க்கும் உரிமை மீண்டும் போயிற்று. ஆள் பிழை செய்தால் ஆளிடம் கேட்கலாம். பட்டை பிழை செய்தால் யாரிடம் கேட்பது?

இக்குறையை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். இறுதியாக அவர் வகுத்த திட்டத்தின் பெயர் ஃபுட் எலெக்ட்ரிக். அதில் வாங்குபவரே சரக்கை எடுத்து, தாமே கட்டி, தாமே கணக்கிட்டுத் தமக்குத் தாமே காசாளராகவும் இருக்க வேண்டும். எட்டே பணியாளரைக் கொண்டு பெருங்கடை ஒன்றை நடத்திவிடலாம் என்று அவர் நம்பினார். கடை திறக்குமுன், 1953ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், தமது எழுபத்திரண்டாம் வயதில் மெம்பிஸ் நகரில் அவர் காலமானார்.

அவருக்குப் பின்

அவர் கண்ட கனவைப் பின்வந்தோர் சிறுகச் சிறுக நனவாக்கினர். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஓகியோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் அங்காடியில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மேலிருந்த கருங்கோடுகளை ஒளிக்கருவி முதன்முதலாகப் படித்து 67 சென்ட் என்று விலை காட்டியது. அக்கோடுகளையே நாம் பார்கோடு என்கிறோம். கோடுகளில் விலை இருப்பதில்லை. பொருளின் எண்ணே இருக்கும். கருவி அந்த எண்ணைக் கணிப்பொறிக்கு அனுப்ப, அது தன் பட்டியலிலிருந்து விலையை எடுத்துத் தருகிறது. கூடவே, இருப்பில் ஒன்று குறைந்தது என்றும் குறித்துக்கொள்கிறது. 1986இல் அட்லாண்டா நகருக்கு அருகே குரோகர் நிறுவனக் கடை ஒன்றில், வாங்குவோரே பார்கோடு காட்டிக் கணக்கு முடிக்கும் கருவி வைக்கப்பட்டது. சாண்டர்ஸ் இறந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன.

நம் நாட்டிலும் இம்மாறுதல் மெல்ல மெல்ல வந்தது. நீலகிரியில் 1905இல் தோன்றிய நீல்கிரீஸ் நிறுவனம் பிற்காலத்தில் பெங்களூரில் சுயசேவை அங்காடி நடத்தியது. தமிழகத்தில் சிந்தாமணி போன்ற கூட்டுறவு அங்காடிகள் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தாமே சரக்கெடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்தின. 2016இல் யு.பி.ஐ. முறை வந்தபின் கட்டம் போட்ட குறியைக் கைப்பேசியால் படம்பிடித்துப் பெட்டிக் கடையிலும் பணம் செலுத்துகிறோம். 2017இல் தமிழகத்தில் மின்னணுக் குடும்ப அட்டை வழங்கப்படலாயிற்று. நியாய விலைக் கடைக்கு வழங்கப்பட்ட கையடக்கக் கருவி அந்த அட்டையைப் படித்துப் பதிவு செய்கிறது.

ஆயினும் எல்லாரும் முன்னோக்கியே செல்லவில்லை. வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023இல் தன் பெரும்பாலான கடைகளிலிருந்து தானியங்கிக் கல்லாக்களை எடுத்துவிட்டு மீண்டும் ஆட்களை அமர்த்தியது. ஆள் இல்லாமலே கடை நடத்தலாம் என்று புறப்பட்ட அமேசான் நிறுவனமும், எடுத்துக்கொண்டு நேரே வெளியேறும் முறையை 2024இல் தன் அமெரிக்க மளிகைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. கீடூசில் கற்பித்த பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கற்க வேண்டியிருக்கிறது.

முடிவுரை

பொங்கல் விடுமுறைக்கு மலைக்குச் சென்றபோது இந்த வரலாறு முழுவதையும் பாட்டியிடம் கூறினேன். பலகை போனதும் விலைச்சீட்டு வந்ததும் நல்லதே என்றார். பிறகு அவர் கேட்ட வினாவுக்கு இன்றும் விடை தேடுகிறேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டார்.

அவர்களுள் ஒருவராகத்தான் சாண்டர்ஸ் தம் வாழ்வைத் தொடங்கினார். பலகைக்கு அப்பால் நின்று சரக்கெடுத்துக் கொடுத்த அனுபவமே அவருக்கு அந்தப் பலகை வேண்டாம் என்ற அறிவைத் தந்தது. ஆனால் எட்டே பணியாளர் போதும் என்று கணக்கிட்ட கடையில், அவரைப்போன்ற பதினான்கு வயது ஏழைப் பையனுக்கு இடமிருந்திருக்காது. அந்த வயதில் பையன்கள் வேலைக்குச் செல்லாமல் பள்ளிக்குச் செல்வதே முறை என்பது உண்மை. எனினும் படிப்பு முடித்து, நம் மாவட்டத்து இளைஞரும் பெண்களும் முதல் சம்பளம் வாங்கும் இடங்களுள் கடைக் கல்லாவும் ஒன்று. நம் வகுப்பிலேயே மாலையில் கடைகளில் பில் போட்டுக் கல்விக் கட்டணம் செலுத்தும் நண்பர்கள் இருக்கின்றனர். கருவி வரட்டும், அவர்களுடைய இடத்தையும் எண்ணியே வரட்டும்.

வணிகவியல் மாணவராகிய நாம் நாளை கடை நடத்துவோம், வங்கியில் அமர்வோம், அல்லது புதிய கருவிகளை அமைப்போம். எந்தக் கருவி வந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடிகிறதா? விலை எல்லார்க்கும் ஒன்றாய்க் கண்ணுக்குத் தெரிகிறதா? பிழை நேர்ந்தால் கேட்பதற்கு அருகில் ஒரு மனிதர் இருக்கிறாரா? முதல் இரண்டுக்கும் சாண்டர்ஸ் 1916இலேயே நல்ல விடை கண்டார். மூன்றாவதை அவர் கடைசிவரை போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இருமுறை செல்வத்தை இழந்தும் மூன்றாம் முறை புதியது எண்ணத் துணிந்த அவர்தம் ஊக்கம் நாம் பின்பற்றத்தக்கது. கடனைப் பழித்தவரே கடனில் வீழ்ந்த கதை நாம் அஞ்சத்தக்கது. எழுத்தறியாத மலைப்பெண் ஒருத்தி, யாருடைய முகத்தையும் பார்த்து நில்லாமல் பருப்புப் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்த அந்தக் கணத்தை அவர் கண்டிருந்தால், இழந்த மாளிகையை எண்ணி வருந்தியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.